கான்பாலிக் நகரில் ஒலித்த மூன்று மணிகள்

1305ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் 8ஆம் நாள். சீனப் பேரரசின் தலைநகரில் துறவி ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். திருத்தந்தையின் அவையிலிருந்தும், தம் சபையிலிருந்தும், பிறந்த நாட்டிலிருந்தும் யாதொரு செய்தியும் தம்மை எட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்கிறார் அவர். இடையில் ஒரே ஒரு மருத்துவன் லொம்பார்தி நாட்டிலிருந்து வந்தானாம். அவனும் உரோமையைப் பற்றி நம்பவொண்ணாத அவதூறுகளைப் பரப்பிவிட்டுப் போனானாம். தமக்கு அகவை ஐம்பத்தெட்டே எனினும் முதுமை முந்திவிட்டது. தலையை நரைக்கச் செய்தவை ஆண்டுகள் அல்ல, உழைப்பும் துயருமே என்றும் அவர் குறிக்கிறார்.

அவர் பெயர் ஜொவான்னி. மொந்தேகொர்வினோ என்னும் தென் இத்தாலிய ஊரினர். நம் முன்னோர் அருளப்பர் என்றே அவரை அழைத்திருப்பர். நாம் ஜான் அடிகளார் என்போம். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் சபையைச் சேர்ந்தவர். சீனப் பேரரசரின் அவையில் திருத்தந்தையின் தூதராக ஆசனம் பெற்ற முதல் ஐரோப்பியர் அவரே.

இந்தத் தூது எழுந்த கதையே சுவையானது. 1241இல் மங்கோலியப் படைகள் போலந்தையும் ஹங்கேரியையும் சூறையாடின. அடுத்த சில ஆண்டுகளில் திருத்தந்தையின் சார்பில் கார்ப்பினி அடிகளாரும், பிரெஞ்சு மன்னரின் மடலுடன் ருப்ருக் அடிகளாரும் மங்கோலியப் புல்வெளிகள் வரை சென்று மீண்டனர். அவர்கள் கண்டது கூடாரங்களில் வாழ்ந்த கான்களை. சீனத்தின் தலைநகரை அன்று. குப்ளாய் கான் பேரரசரான பின்பு நிலைமை மாறியது. கற்றறிந்தோர் நூறு பேரை அனுப்புமாறு போலோ குடும்பத்து வணிகர் மூலம் அவர் கேட்டார் என்பதும், சாமிநாதர் சபைத் துறவியர் இருவரே புறப்பட்டு அவர்களும் பாதி வழியில் திரும்பிவிட்டனர் என்பதும் மார்க்கோ போலோவின் நூலை அறிந்தவர்க்குத் தெரியும். அந்த இரு துறவியரையும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வழியெங்கும் போர் நடந்த காலம் அது.

கிழக்கிலிருந்தும் ஒருவர் மேற்கே வந்தார். கான்பாலிக் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த கீழைத் திருச்சபைத் துறவியான ரப்பான் சௌமா, பாரசீக மன்னர் அர்குனின் தூதராக 1288இல் உரோமையை அடைந்தார். திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் அவரை அன்போடு வரவேற்று, உரோமையில் தம் முறைப்படி திருப்பலி நிறைவேற்றவும் இசைந்தார். குருத்து ஞாயிறன்று தம் கையாலேயே அவருக்கு நற்கருணை வழங்கினார். மொழி புரியாவிடினும் பலியின் பொருள் ஒன்றே என்று அன்று உரோமை மக்கள் மகிழ்ந்தனராம். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காணப்போகிறோம்.

அடுத்த ஆண்டே, 1289இல், அதே திருத்தந்தை ஜான் அடிகளாரிடம் அர்குனுக்கும் குப்ளாய்க்கும் மடல்கள் கொடுத்து அனுப்பினார். அடிகளார் பாரசீகத்துத் தப்ரீஸ் நகரிலிருந்து 1291இல் புறப்பட்டார். உடன் சென்றோர் இருவர்: பிஸ்தோயா ஊரினரான நிக்கோலாஸ் என்னும் சாமிநாதர் சபைத் துறவி, லூக்கலோங்கோ பீட்டர் என்னும் பெருவணிகர். நடு ஆசியாவின் தரைவழி போரினால் அடைபட்டிருந்ததால் கடல்வழியை மேற்கொண்டனர். அவ்வழி அவர்களை எங்கே கொண்டுவந்து சேர்த்தது தெரியுமா? நம் மயிலாப்பூருக்கு!

புனித தோமையாரின் ஆலயம் அமைந்த நாட்டில் பதின்மூன்று மாதங்கள் தங்கியதாக அவரே எழுதியுள்ளார். சோழமண்டலக் கரை அப்போது குலசேகர பாண்டியனின் ஆட்சியில் இருந்தது. அரபு வணிகர் அதனை மாபார் என்றனர். இங்கிருந்து அடிகளார் எழுதிய மடல் ஒன்றும் கிடைத்துள்ளது. அதைப் படிக்குந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகிறது. இரும்பாணி ஒன்றும் இல்லாமல் துணியைத் தைப்பதுபோல் கயிற்றால் தைத்த மரக்கலங்களைக் கண்டு அவர் அஞ்சுகிறார். மக்கள் பனையோலை போன்ற இலைகளில் எழுதுவதைக் குறிக்கிறார். ஆண்டில் பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் வீசும் காற்றை விளக்குகிறார். இத்தாலியில் உச்சி நோக்கிப் பார்த்துப் பழகிய வடமீன் இங்கே தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்து கிடப்பதை அளந்து பார்க்கிறார். நம் கடற்கரையில் இரவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்த அந்த அயல்நாட்டுத் துறவியை எண்ணிப் பார்க்கிறோம். வானமும் தம் ஊர் வானமாக இல்லை என்று கண்டபோது அவர் நெஞ்சு என்ன நினைத்ததோ!

அப்பகுதியில் பல இடங்களிலுமாக ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். அங்கேயே அவர் தோழர் நிக்கோலாஸ் இறந்தார். தோமையார் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இன்று சாந்தோமில் வானளாவ நிற்பது 1896இல் எழுந்த பேராலயம். அதற்கு முன் நின்றது போர்த்துக்கீசியர் கட்டியது. நிக்கோலாசை ஏற்றுக்கொண்ட ஆலயம் அவற்றினும் பழையது. அதன் சுவரும் இல்லை, அவர் கல்லறைக்கு அடையாளமும் இல்லை. ஆனால் அந்தக் கல்லறை ஜான் அடிகளாரைச் சீனம் வரை பின்தொடர்ந்து சென்றது என்றே நாம் கருதுகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

1294ஆம் ஆண்டளவில் அவர் தலைநகரை அடைந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் குப்ளாய் கான் இறந்திருந்தார். ஐந்து ஆண்டுகளாகச் சுமந்து வந்த மடலை, அதன் மேலுறையில் எழுதப்பட்டவரிடம் கொடுக்க இயலவில்லை. அதை ஏற்றுக்கொண்டவர் அவர் பேரர் தெமூர்.

அந்நகரின் பெயர் தாது. பெருந்தலைநகர் என்பது பொருள். மங்கோலியரும் துருக்கியரும் அதனைக் கான்பாலிக், அதாவது கானின் நகர், என்றனர். இன்றைய பெய்ஜிங்கே அது. 1267இல் குப்ளாய் அதைக் கட்டத் தொடங்கினார். சுற்றளவு ஏறத்தாழ 28 கிலோமீட்டர், பதினொரு வாயில்கள். மார்க்கோ போலோ பன்னிரண்டு என்று எழுதினார். வணிகர் கணக்கிலும் சில வேளை ஒன்று கூடிவிடுகிறது போலும்.

பெய்ஜிங் செல்வோர் பெரும்பாலும் மிங், சிங் அரச மரபினரின் அரண்மனையையும் நெடுஞ்சுவரையும் கண்டு திரும்புகின்றனர். நாம் தேடிச் சென்றது வேறொன்று. பத்தாம் தடச் சுரங்க ரயிலில் ஏறி, நகரின் வடபகுதியில் ஜியென்தெமென் நிலையத்தில் இறங்கினோம். அது குப்ளாய் நகரின் வடவாயில் ஒன்றின் பெயர். வாயில் இல்லை; பெயர் மட்டும் நிற்கிறது. மேலே ஏறி வந்தால் கண்முன் நீண்டு கிடப்பது ஒரு மண்மேடு. ஏரிக்கரை என்றே நம்மவர் நினைப்பர். மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காக இடித்து இறுக்கிய தாது நகரின் மதில் அது. வடக்கிலும் மேற்கிலுமாகச் சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளம் எஞ்சியுள்ளது. அதன் ஓரமாக ஓடும் சிறிய நீரோடை பழைய அகழி. வசந்தத்தில் அதன் கரையில் காட்டு ஆப்பிள் மரங்கள் இளஞ்சிவப்பாய்ப் பூக்கின்றன. முதியவர்கள் காலையில் மெல்ல மெல்லக் கை கால்களை அசைத்துப் பயிற்சி செய்கின்றனர். பேரப்பிள்ளைகள் மதில்மேல் ஏறி விளையாடுகின்றனர். பதினொரு ஆண்டுகள் தன்னந்தனியராய் இம்மதிலுக்குள் ஒரு துறவி வாழ்ந்தார் என்பதை எந்தப் பலகையிலும் நாம் காணவில்லை.

அரண்மனை நின்ற பகுதியைக் காணப் பெய்ஹாய் பூங்காவுக்குச் செல்ல வேண்டும். ஏரியும் நடுவே தீவுமாக இன்றும் அழகு குன்றாத இடம். அங்கே வட்டக் கோட்டை என்னும் சிறு மதிலுக்குள் குப்ளாயின் மதுத் தாழி ஒன்று இருக்கிறது. 1265இல் ஒரே பச்சைக் கல்லில் குடைந்தது. கடல் விலங்குகள் அலைகளின் நடுவே பாய்வதாகச் செதுக்கியது. பேரரசு வீழ்ந்தபின் அது கோயில் ஒன்றில் காய்கறி ஊறப்போடும் தொட்டியாய்க் கிடந்ததாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசர் அதை மீட்டு இங்கே வைத்தார். தெமூரின் விருந்துகளில் நின்ற தாழி அது. ஆகவே அடிகளார் கண்டிருக்கக்கூடிய பொருள்களுள் நாமும் காணக்கூடியது.

தெமூர் அவரை நன்றாகவே நடத்தினார். ஆனால் மதம் மாற இசையவில்லை. துன்பம் வந்தது வேறு திக்கிலிருந்து. கீழைத் திருச்சபையினர், நெஸ்தோரியர் என அக்காலத்தில் அழைக்கப்பட்டோர், 635ஆம் ஆண்டு முதலே சீனம் கண்டவர்கள். மங்கோலியர் ஆட்சியில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. வேறு முறையைச் சேர்ந்த எவரும் சிற்றாலயம்கூட எழுப்ப அவர்கள் இடங்கொடுக்கவில்லை என்கிறார் அடிகளார். அதனினும் கொடியது அவர்கள் சுமத்திய பழி. இவர் திருத்தந்தையின் தூதர் அல்லர், ஒற்றர் என்றனர். பெருமதிப்புள்ள பரிசில்களுடன் பேரரசரிடம் வந்த உண்மையான தூதர் வேறொருவர் என்றும், அவரை இந்தியாவில் கொன்று உடைமையைக் கவர்ந்துகொண்டு வந்தவரே இவர் என்றும் பொய்ச் சாட்சிகளை நிறுத்தினர்.

மயிலாப்பூர்க் கல்லறையை இங்கே நினையாதிருக்க முடியுமா? இருவராய்ப் புறப்பட்ட துறவியருள் ஒருவர் இந்தியாவில் இறந்தார் என்பது உண்மை. அந்த உண்மையைச் சுற்றியே பொய் பின்னப்பட்டிருக்க வேண்டும் என்பது நம் ஊகம். நோயுற்ற தோழனுக்குக் கண்மூடிவிட்டவன் மீதே கொலைப்பழி! ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்த வழக்கு நீடித்தது. பலமுறை நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்; மரணதண்டனை என்று அச்சுறுத்தப்பட்டார். அவருக்காகச் சான்று சொல்லக்கூடிய அவை உரோமையில் இருந்தது; மடல் போய்த் திரும்ப ஆண்டுகள் ஆகும். முடிவில் சதியில் பங்குகொண்ட ஒருவனே உண்மையை ஒப்புக்கொண்டான். பேரரசர் பொய் சொன்னவர்களைக் குடும்பத்தோடு நாடு கடத்தினார்.

இதில் ஒரு தரப்பின் எழுத்தே நம்மிடம் உள்ளது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே பலிபீடத்தைச் சூழ்ந்து உரோமையில் மகிழ்ந்த இரு திருச்சபைகள், ஆறே ஆண்டுகளில் கான்பாலிக்கில் ஒன்றையொன்று நீதிமன்றத்தில் எதிர்கொண்டன. ரப்பான் சௌமா அப்போது பாரசீகத்தில் வாழ்ந்து முடிந்திருந்தார். அவர் ஒருவர் ஊர் திரும்பியிருந்தால்! வரலாற்றில் இத்தகைய ஏக்கங்களுக்கு விடை கிடையாது.

வழக்குத் தீர்ந்த அதே ஆண்டுகளில், 1299ஆம் ஆண்டளவில், அடிகளார் முதல் ஆலயத்தைக் கட்டி முடித்தார். மணிக்கூண்டு எழுப்பி மூன்று மணிகளையும் ஏற்றினார். செப நேரம் தவறாமல் அவை ஒலித்தன. ஏழு முதல் பதினொரு வயது வரையுள்ள சிறுவர் பலரை விலைகொடுத்து வாங்கி, திருமுழுக்கு அளித்து, இலத்தீன் எழுத்தும் பாடலும் பயிற்றினார். பிள்ளைகளை விலைக்கு வாங்குவது என்பது இக்காலத்து நெஞ்சை உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். அடிமைச் சந்தை அன்றாடக் காட்சியாக இருந்த நாட்டில் அவர் அதைப் பெருமையுமின்றி நாணமுமின்றி எழுதிச் செல்கிறார். அச்சிறுவருள் பதினொருவர் துறவியர் மடங்களில் உள்ளதுபோல் முறைவைத்துப் பாடக் கற்றனர். அவர்கள் பாட்டில் பேரரசருக்கு மிகுந்த விருப்பமாம்.

1305 வரை ஆறாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவர் கணக்கிடுகிறார். ஒங்குத் இனத்து மன்னர் ஜார்ஜ் கீழைத் திருச்சபையை விட்டு அவரைச் சேர்ந்தார். தலைநகரிலிருந்து இருபது நாள் வழியில் ஆலயம் ஒன்றையும் கட்டினார். தம் மகனுக்கு அடிகளாரின் பெயரையே சூட்டினார். மன்னர் சில ஆண்டுகளில் இறந்தார். உடன்பிறந்தார் மக்களைப் பழைய முறைக்கே திருப்பினர். அக்குழந்தை ஜானுக்கு ஒன்பது வயதாகிறது என்று கடிதத்தில் குறிக்கும்போது அடிகளாரின் குரல் கனிகிறது. உள் மங்கோலியாவில் ஓலோன் சுமே என்னும் பாழூரில் 1930களில் ஆய்வாளர் கண்ட சிதைவுகளுள் ஒன்றை அம்மன்னரின் ஆலயமாகக் கருதுகின்றனர்.

கடிதத்தின் முடிவில் அவர் கேட்பவை பொன்னும் பொருளும் அல்ல. இசைக்குறிப்புள்ள திருப்பாடல் நூல் ஒன்று, திருப்பலிப் பாடல் நூல் ஒன்று, புனிதர் வரலாறு ஒன்று. ஒரு படி இருந்தால் போதும், சிறுவர் அதைப் பார்த்து எழுதிக்கொள்வர் என்கிறார். துணைக்கு இரண்டு மூன்று பேர் வந்தால் போதும் என்கிறார். தாத்தாரிய மொழியில் புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் தாமே பெயர்த்து, அவர்களது அழகிய எழுத்தில் எழுதுவித்திருந்தார். அந்நூலின் ஓர் ஏடும் நமக்குக் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டாம் ஆலயம் எழத் தொடங்கியது. நிலத்தை வாங்கித் தந்தவர் தப்ரீசிலிருந்து உடன்வந்த அதே வணிகர் பீட்டர். இடமோ பேரரசரின் அரண்மனை வாயிலுக்கு எதிரில்! இடையே ஒரு தெரு அகலம்தான். உச்சியில் செந்நிறச் சிலுவை. உள்ளே இருநூறு பேர் கொள்ளும் இடம். எழுதப் படிக்க அறியாதோர்க்காக விவிலிய நிகழ்ச்சிகளை ஆறு ஓவியங்களாகத் தீட்டுவித்து, இலத்தீன், துருக்கி, பாரசீக மொழிகளில் விளக்கம் எழுதுவித்தார். உள்ளே பாடும் குரல் தம் அறையிலிருந்த பேரரசரின் செவியில் விழுமாம்.

கடிதங்கள் ஊர் சென்று சேர்ந்தன. தொலெந்தீனோ தோமஸ் என்னும் துறவி, கீழ்த்திசைச் செய்தியை 1307இல் திருத்தந்தை ஐந்தாம் கிளெமந்திடம் நேரில் எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஜூலையில் ஜான் அடிகளார் கான்பாலிக்கின் பேராயராக நியமிக்கப்பட்டார். அவரைத் திருநிலைப்படுத்த ஏழு பிரான்சிஸ்கு சபையினர் ஆயர்களாக்கப்பட்டு அனுப்பப்பட்டனர். ஒருவர் புறப்படவேயில்லை. மூவர் இந்திய மண்ணில் கால்வைத்த சிறிது காலத்திலேயே மாண்டனர். எஞ்சிய மூவர், ஜெரார்து, பெரெகிரீன், பெருஜியா அந்திரேயா, சென்று சேர்ந்தனர். இரண்டு மூன்று பேர் என்று கேட்டவருக்குச் சரியாக மூவர்! செய்தி சுமந்த தோமஸ் மீண்டும் கீழ்த்திசை வந்தபோது, 1321இல், பம்பாய்க்கு அருகில் தானாவில் கொல்லப்பட்டார்.

பேராயர் 1328ஆம் ஆண்டளவில் இறந்தார். 1336இல் கடைசி யுவான் பேரரசர் தொகோன் தெமூர் திருத்தந்தைக்குத் தூது அனுப்பினார். கிறிஸ்தவர்களான ஆலன் இனத் தலைவர்களும் தாங்கள் எட்டு ஆண்டுகளாக மேய்ப்பர் இன்றி இருப்பதாக அதனுடன் மடல் விடுத்தனர். மறுமொழியாகச் சென்ற மரிஞ்ஞோலி அடிகளார் 1342இல் பேரரசருக்கு ஒரு பெருங்குதிரையைப் பரிசளித்தார். கரிய உடல், பின்னங்கால் குளம்புகள் வெள்ளை. சீன அவை அதைக் கண்டு மயங்கியது. ஓவியர் வரைந்தனர், புலவர் பாடினர். யுவான் மரபின் வரலாற்று நூல் குதிரையின் நீளத்தையும் உயரத்தையும் குறித்து வைத்திருக்கிறது. திருத்தந்தையின் பெயரைக் குறிக்கவில்லை. மரிஞ்ஞோலி திரும்பும் வழியில் கொல்லத்தில் தங்கி, மயிலாப்பூரில் தோமையார் கல்லறையையும் வணங்கிச் சென்றார்.

1368இல் மங்கோலியர் ஆட்சி வீழ்ந்தது. அவர்களது ஆதரவில் வளர்ந்த சபையும் அவர்களுடன் மறைந்தது. 1601இல் மத்தேயோ ரிச்சி அடிகளார் பெய்ஜிங்கை அடைந்தபோது, தமக்கு மூன்று நூற்றாண்டு முன்பே ஒரு பேராயர் அந்நகரில் வாழ்ந்ததைச் சொல்ல அங்கே எவரும் இருக்கவில்லை.

பெய்ஜிங்கில் இல்லாத தடயம் தெற்கே கடற்கரை நகரமான சுவான்சோவில் உண்டு. அக்காலத்து வணிகர் அதைச் சைத்தூன் என்றனர். அங்கே செல்வச் சீமாட்டியான ஓர் ஆர்மீனியப் பெண்மணி கட்டிய ஆலயமே ஆயரகமாயிற்று. ஜெரார்து, பெரெகிரீன், அந்திரேயா மூவரும் அடுத்தடுத்து அங்கே ஆயராயிருந்தனர். நம்மவரும் அந்நகரில் இருந்தனர். 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளுவித்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு அங்கு கிடைத்துள்ளது. அதன் இறுதி வரி சீன எழுத்தில் உள்ளது.

1946இல் அதே நகரில் ஒரு கல்லறைக் கல் வெளிப்பட்டது. அந்நகரின் கடல் வரலாற்று அருங்காட்சியகத்தில் அதை இன்று காணலாம். மேலே தாமரைமீது சிலுவை. இருபுறமும் பறக்கும் வானதூதர் இருவர், சீனச் சிற்பியின் கைவண்ணம். கீழே ஒன்பது வரி இலத்தீன், பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. கண்ணாடிக்கு அருகில் முகம் வைத்து எழுத்துக் கூட்டினோம். அந்திரேயா என்னும் பெயரும், பெருஜியா என்னும் ஊரும் தெரிகின்றன. ஆண்டை 1332 என வாசிக்கின்றனர்.